சப்பாத்தின் விலை

சப்பாத்து என்பது போர்த்துக்கேயர் வழித் தமிழிற் புகுந்த சொல். அதன் அடிக்கு வேண்டும் றப்பரோ ஈழத்துக்குப் புதிதன்று. 1876 இல் கியூ பூங்காவிலிருந்து வந்த கன்றுகள் கொழும்புக்கு அணித்தான ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆயின், விளையாட்டுச் சப்பாத்தின் விலையை வானளாவ உயர்த்தியது றப்பரன்று.

கூடைப்பந்தாட்டம் 1891 இல் அமெரிக்காவிலே தோன்றிற்று. 1917 இல் கொன்வேர்ஸ் நிறுவனம் வெளியிட்ட கன்வஸ் சப்பாத்தை ஆட்டக்காரர் நெடுங்காலம் அணிந்தனர். அத்தகைய எளிய சப்பாத்துடனேயே 1962 இல் வில்ற் சேம்பலேன் ஓராட்டத்தில் 100 புள்ளிகள் ஈட்டினார்.

மைக்கல் ஜோர்டன் அணிந்த செங்கருஞ் சப்பாத்து விதிக்கு மாறானதென அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் விலக்கியது. நைக் நிறுவனம் அவ்விலக்கையே விளம்பரமாக்கி, 1985 இல் அவர் பெயர் தாங்கிய சப்பாத்தை 65 டொலருக்கு விற்றது. வேண்டுவோர் பலராயிருக்கச் சில சோடிகளையே வெளியிடும் வணிகமுறையும் காலப்போக்கில் வலுப்பெற்றது. 1998 இல் ஜோர்டன் அணிந்தாடிய ஒரு சோடி, 2023 இல் 22 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று. அவ்விலை அருமைக்கும் புகழுக்கும் உரியது, ஆற்றலுக்கு உரியதன்று.

கொட்டாஞ்சேனைத் திடலில் ஆடும் மாணவனுக்கு வேண்டுவது வழுக்காத, கணுக்காலைக் காக்கும் சப்பாத்தே. வெள்ளவத்தைக் கடையில் மகனுக்காக விலை கேட்கும் தந்தை, தாம் கொடுப்பதில் காலுக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு எனப் பகுத்தறிதல் நன்று.