கந்தை

செங்கல்பட்டுப் பக்கம் ‘கந்தை’ என்றால் நைந்து கிழிந்த துணி, அவ்வளவுதான். இது வடமொழிக் ‘கந்தா’வோடு உறவுடைய சொல். அங்கே கிழிசலோடு, துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஆடைக்கும் துறவி போர்த்தும் துணிக்கும் அதுவே பெயர். வங்கத்தில் பழஞ்சேலைகளை அடுக்கிச் சிறு தையலிட்டு ஆக்கும் போர்வை இன்றும் ‘காந்தா’தான். தமிழில் கிழிசல் தங்கிவிட்டது, தையல் நழுவிவிட்டது. எனக்கு அதில் வருத்தமே.

நழுவிய அந்தத் தையலை நம் பக்கத்திலும் போட்டுப் பார்க்கலாம். மாமல்லபுரக் கரையின் புழுக்கத்துக்குப் பஞ்சு வைத்த போர்வை ஆகாது; பழைய பருத்திச் சேலை மூன்றடுக்கு போதும். வங்கப் பெண்கள் அடுக்குகளைத் தரையில் விரித்தே தைத்தார்கள். புதிதாகக் கற்பவருக்குச் சட்டம் நல்ல துணை: இரு மரக்கட்டைகளில் துணியைச் சுற்றி இழுத்துக் கட்டினால் அடுக்குகள் நகராது, சுருக்கம் விழாது. தைத்த பகுதியைத் தறியில் போலச் சுருட்டிக்கொண்டே போகலாம். ஆனால் முரசுத்தோல்போல விறைக்க இழுக்கக் கூடாது. ஊசி ஒரே மூச்சில் நாலைந்து தையல் எடுக்கத் துணி சற்றுத் தொய்ந்திருக்க வேண்டும்.

இப்படித் தைத்ததை ஒட்டுப்போர்வை என்கிறோம். கந்தை என்றே அழைத்தாலும் பிழையில்லை.