டிராக்டர் மர ஏற்றி: காவிரி டெல்டாவில் பழைய பொறியைத் தேர்ந்தெடுத்தல்

டிராக்டர் மர ஏற்றி என்பது டிராக்டரின் பின்புறத்திலோ அது இழுக்கும் டிரெய்லரின் முன்பகுதியிலோ பொருத்தப்பட்டு, எண்ணெய் அழுத்தத்தால் மரத்துண்டுகளைக் கவ்வித் தூக்கி வண்டியில் அடுக்கும் சிறு கிரேன். நிமிர்ந்து நிற்கும் தூண், அதன் மேல் சுழலும் இரண்டு மடிப்புக் கை, கையின் நுனியில் சுற்றும் ரோட்டேட்டர், அதில் தொங்கும் இரும்புக் கவ்வி, ஆள் இயக்கும் லிவர் தொகுதி, தரையில் ஊன்றும் இரு ஜாக்கிக் கால்கள் ஆகியவை இதன் உறுப்புகள். கவ்வியைப் பட்டறைகளில் 'கிராப்' என்பார்கள்.

வாகனத்தின் என்ஜினைக் கொண்டே கிரேனை இயக்கும் முறை 1940களில் சுவீடனின் ஹூடிக்ஸ்வால் நகரில் வளர்ந்தது. அங்கே 1944இல் தோன்றிய ஹியாப் நிறுவனம் முதலில் லாரிகளுக்கு இதைச் செய்தது. பின்னர் அதே அமைப்பு சிறிதாகி, நார்டிக் நாடுகளின் சிறு காட்டு உடைமையாளர்களின் டிராக்டர்களுக்கும் வந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் அத்தகைய பொறி அரிது. இங்கே பழையதாக விலைக்கு வருபவை பெரும்பாலும் வேறு வேலைக்கென வாங்கி மரத்துக்கு மாற்றியவை. அதனால்தான் தேர்வு கடினமாகிறது.

டெல்டாவின் மரங்கள்

நெல் வயல்கள் நிறைந்த இப்பகுதியில் மரம் வெட்டும் வேலை ஓரங்களில் நடக்கிறது. கடலோர மணல் நிலத்தில் சவுக்கு, புதுக்கோட்டையை ஒட்டிய மேட்டு நிலத்தில் தைலமரம், பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை, வாய்க்கால் கரைகளில் வனத்துறை வளர்த்த தேக்கு என ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் உண்டு. சவுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். கரூர் மாவட்டம் காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் பள்ளிபாளையத்துச் சேஷசாயி காகித ஆலையும் கூழ் மரம் வாங்கும் பெரிய ஆலைகள். நேரான சவுக்கு சாரத்துக்கும் பந்தலுக்கும் போகும்.

இந்த மரங்களை ஏற்றுபவர்கள் பெரும்பாலும் லோடுமேன்கள்தான். சவுக்குக் கட்டையைத் தோளில் வைத்து, சாய்த்த பலகையில் ஏறி லாரியில் அடுக்கும் அந்த வேலை முதுகையும் மூட்டுகளையும் தின்றுவிடும். பொறியின் தேவை உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தென்னையில் அந்தத் தேவை ஒரே இரவில் வெளிப்பட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, முத்துப்பேட்டை வட்டாரத் தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. விழுந்த மரத்தை அறுக்க இயந்திர வாளும் ஜே.சி.பி.யும் கிடைத்த இடங்களில்கூட அறுத்த துண்டுகளை வெளியே கொண்டுவருவது பெரும்பாடாயிற்று. அழுகும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் என்பதால், மரத்தை அப்புறப்படுத்தத் தாமதித்தால் புதிதாக வைக்கும் கன்றுக்கே ஆபத்து. தோப்புக்குள் புகக்கூடிய சிறிய ஏற்றியின் பயனை எடை போடும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எடைக் கணக்கு

பழைய பொறியைப் பார்க்கப் போகுமுன் தூக்கப்போகும் மரத்தின் எடையைக் கணக்கிட வேண்டும். பச்சைச் சவுக்கின் எடை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன். 15 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள கட்டை 50 கிலோவைத் தாண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள பச்சைத் தென்னந்தண்டை 4 மீட்டராக அறுத்தால் ஒரு துண்டு 280 கிலோ அளவுக்கு வரும். அத்துடன் ரோட்டேட்டர், கவ்வி சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் நுனியில் தொங்கும். ஆக, 4 மீட்டர் நீட்டிய நிலையில் 400 கிலோவைத் தாங்காத கை தென்னைக்குப் போதாது.

விற்பவர்கள் 'ஒரு டன் தூக்கும்' என்பார்கள். அது தூணுக்கு அருகில் தூக்கும் எடை. முழு நீட்டத்தில் எவ்வளவு என்பதே கேள்வி. இதைக் கேட்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

அடுத்தது கவிழும் கணக்கு. 2,000 கிலோ எடையுள்ள டிராக்டரின் நடுவிலிருந்து சக்கரத்தின் வெளியோரம் ஏறக்குறைய 70 செ.மீ. பக்கவாட்டில் கவிழாமல் அதைப் பிடித்து நிறுத்துவது 1,400 கிலோகிராம்-மீட்டர் திருப்புத்திறன் மட்டுமே. பக்கவாட்டில் 4 மீட்டர் நீட்டிய கையில் 400 கிலோ தொங்க, கையின் சொந்த எடை 250 கிலோ என்றும் கொண்டால், சக்கர ஓரத்தைச் சுற்றிக் கவிழ்க்கும் திருப்புத்திறன் 1,600ஐத் தாண்டுகிறது. ஜாக்கிக் கால் இல்லாத டிராக்டர் அங்கே சாயும். நடுவிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி ஊன்றும் கால் இருந்தால் நிலைமை முற்றிலும் மாறிவிடும்: தாங்கும் திறன் 2,400க்கு ஏறும், கவிழ்க்கும் திறன் 1,300 அளவுக்கு இறங்கும். கால்களைக் கழற்றி விற்றுவிட்ட பொறியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

காலின் அடித்தட்டும் டெல்டாவில் முக்கியம். 15 செ.மீ. சதுரத் தட்டின் மேல் இரண்டு டன் இறங்கினால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 9 கிலோ அழுத்தம் விழும். ஈரக் களிமண் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட நம்பகமாகத் தாங்காது. 60 செ.மீ. சதுரக் கனத்த பலகையை அடியில் போட்டால் அழுத்தம் அரைக் கிலோவாகக் குறையும். பலகை வண்டியிலேயே கட்டிவைத்திருக்க வேண்டிய பொருள்.

டிராக்டருக்கு ஏற்ற ஏற்றி

குதிரைத்திறன் குறைவு என்று தயங்குவோர் பலர். உண்மையில் அது தடையாவது அரிது. நிமிடத்துக்கு 30 லிட்டர் எண்ணெயை 180 பார் அழுத்தத்தில் தள்ள 9 கிலோவாட், அதாவது சுமார் 12 குதிரைத்திறன் போதும். தடையாக நிற்பவை எண்ணெயின் அளவும் டிராக்டரின் எடையும்தான். டிராக்டரின் சொந்தப் பம்பு குறைவாகத் தள்ளினால் கை மந்தமாக அசையும், இரண்டு லிவரை ஒன்றாக இழுத்தால் ஒன்று நின்றுவிடும். என்ஜினின் சுழற்சியை வெளியே தரும் பி.டி.ஓ. தண்டிலிருந்து இயங்கும் தனிப் பம்பும் தனி எண்ணெய்த் தொட்டியும் உள்ள ஏற்றியே சிறந்தது. கியர்பெட்டி எண்ணெயையே ஏற்றிக்கும் அனுப்பும் அமைப்பில் சிலிண்டரிலிருந்து வரும் சேறும் இரும்புத் தூளும் டிராக்டரின் உள்ளுறுப்புகளுக்கே போய்ச்சேரும்.

கிடைக்கும் வகைகளில், டிராக்டரின் முன்பக்க லோடரில் மண்வாளியைக் கழற்றிக் கவ்வி மாட்டியவை கட்டைகளைக் குவிக்க நல்லவை. லாரியின் உயரத்துக்கு அடுக்குவதில் அவை தடுமாறும், முன் அச்சிலும் பளு ஏறும். கரும்பு ஏற்றும் கிராப் லோடரின் கவ்வி மெலிந்த பல விரல்கள் கொண்டது. கரும்புக் கட்டுகளை அள்ளச் செய்த அந்த விரல்கள் தென்னந்தண்டில் வளைந்துபோகும், ஆகவே அதன் கையை மட்டும் மதிப்பிட்டுக் கவ்விக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். உள்ளூர் பட்டறையில் செய்த மூன்று புள்ளி இணைப்புக் கைக்கு வேறொரு சிறப்பு உண்டு: அதன் மூட்டுகளில் வரும் பின்னும் புஷ்ஷும் அருகிலுள்ள லேத் பட்டறையிலேயே கடைந்து கிடைக்கும். அறுவடைக் காலத்தில் ஒரு சீல் கிட்டுக்காகப் பத்து நாள் காத்திருப்பதைவிட இது பெரிய லாபம் என்பது என் கருத்து.

சோதித்துப் பார்த்தல்

புது வண்ணம் பூசிய பொறியைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். முதலில் தூணின் அடி. கை சுழன்று திடீரென நிற்கும்போது முழு முறுக்கலும் அங்கேதான் விழுகிறது. பற்றவைப்பின் ஓரத்தில் முடி போன்ற கோடும் அதிலிருந்து வடியும் துருவும் தெரிந்தால் அது விரிசல். பழைய விரிசலின் மேல் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தால், அந்தத் தகட்டின் முனையில் அடுத்தது தொடங்கும். பிறகு கையை நீட்டி, நுனியைப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். தூணில் உள்ள சிறு ஆட்டம் நுனியில் பல மடங்காகத் தெரியும். கையின் மடிப்புகளில் ஆட்டம் என்றால் புஷ் மாற்றினால் சரியாகும். சுழற்றும் பற்சட்டம் தேய்ந்திருந்தால் செலவு மிகும்.

வேதாரண்யம், கோடியக்கரை போன்ற உப்புக்காற்றுப் பகுதியில் நின்ற பொறியின் சிலிண்டர் தண்டில் குரோம் பூச்சு புள்ளிபுள்ளியாக அரித்திருக்கும். அந்தப் புள்ளிகள் எத்தனை சீல் போட்டாலும் அறுத்துவிடும். தண்டை முழுதாக வெளியே நீட்டச் சொல்லி விரலால் தடவிப் பார்ப்பதே வழி. எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. ரப்பர் ஹோஸின் மேல் அது செய்யப்பட்ட காலம் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும்.

குளிர்ந்த எண்ணெயில் எல்லாப் பொறியும் நன்றாக வேலை செய்யும். அரைமணி நேரம் ஓட்டிச் சூடேறிய பின், எடை தெரிந்த கட்டை ஒன்றை முழு நீட்டத்தில் தூக்கி, லிவரை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். கட்டை கண்ணுக்குத் தெரிய இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. இந்தச் சோதனைக்கு இணங்காத விற்பனையாளரிடமிருந்து திரும்பி வந்துவிடலாம்.

பயன்படுத்தும் காலமும் இடமும்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுவதால், வயலைக் கடந்து மரம் இழுக்கச் சம்பா அறுவடைக்குப் பிந்திய பிப்ரவரி முதல் மே வரையே தோதான காலம். ஆண்டில் நான்கு மாதம் ஓடும் பொறிக்கு ஒருவரே முழுப் பணம் போடுவதைவிட இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ பொருந்தும். வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர், மண் அள்ளும் பொறி போன்றவற்றை வாடகைக்கு விடுகிறது.

வாய்க்கால் கரைச் சாலையில் கரையின் விளிம்பில் ஜாக்கியை ஊன்றக் கூடாது, கரை உள்ளே சரியும். வயல்வெளியில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளே மிகக் கொடிய ஆபத்து. கை நிமிர்ந்தால் கம்பியைத் தொடும் இடத்தில் வண்டியை நிறுத்தவே கூடாது. தூக்கிய கட்டையின் கீழும் சுழலும் வட்டத்துக்குள்ளும் லோடுமேன் நிற்காமல் பார்ப்பது பொறியை இயக்குபவரின் பொறுப்பு. வீணைக்குப் போகும் பலா, பலகைக்குப் போகும் தேக்கு ஆகியவற்றைக் கவ்வியின் நகத்தால் அழுத்தாமல் அகன்ற பெல்ட் கட்டித் தூக்குவது நல்லது.

தேக்கு ஏற்றிச் செல்ல, 1968ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறை அனுமதி வேண்டும். ஏற்றி டிரெய்லரோடு சேர்ந்து வருமானால் டிரெய்லரின் பதிவுச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் படிவங்கள். சான்றில் வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததற்கான 35ஆம் படிவம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது.