ராத்திரியில் கிரீஸ் அடித்தவர்கள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெகுநாளாகக் காலியாகக் கிடந்த மனையில் அடுக்குமாடிக் கட்டடம் வரப்போகிறது. போன மாதம் அஸ்திவாரம் தோண்ட ஒரு வண்டி வந்து நின்றது. "ஹிட்டாச்சி வந்திருக்கு" என்றார்கள் தெருவில். எட்டிப் பார்த்தேன். அது ஹிட்டாச்சி இல்லை, வேறு கம்பெனி. இதிலெல்லாம் நம் ஆட்கள் கணக்குப் பார்ப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான், பொக்லைன். அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். 1951-ல் அவர்கள் முதல் ஹைட்ராலிக் தோண்டும் இயந்திரத்தைச் செய்தார்கள். 1970-களில் அவர்களுடைய தொழில்நுட்பத்தில் இந்தியாவிலேயே வண்டிகள் தயாராயின. இன்றும் கிராமப்புறத்தில் பொக்லைன் என்றால்தான் புரியும்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வாக்கிங் போய்விட்டுத் திரும்பும்போது அந்த வண்டி ஆபரேட்டரைப் பார்த்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். இன்னும் சாவி போடவில்லை. கையில் கிரீஸ் கன்னுடன் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பக்கெட்டை மாட்டியிருக்கும் பின், ஆர்ம் பின், பூம் அடியில் இருக்கும் பின் என்று ஒவ்வொரு நிப்பிளாகத் துடைத்து, கன்னை மாட்டி, பழைய கறுப்புக் கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும்வரை அடித்தான். பிறகு எஞ்சின் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தான். டீசல் ஃபில்டருக்கு அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட்டான். டிராக் செயினில் மாட்டியிருந்த கல்லைக் கம்பியால் நெம்பி எடுத்தான். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். அதற்குள் மேஸ்திரி இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலையா?"

முப்பத்தைந்து வருடம் கட்டுமான இயந்திரங்களோடு வாழ்ந்தவன் நான். இந்தக் கேள்வி என் காதில் விழாத நாள் குறைவு. இதற்குச் சரியான பதிலை, நூறு வருடத்துக்கு முன்பே, பனாமாவில் சொல்லிவிட்டார்கள் என்பது ரிட்டையர் ஆன பிறகு படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதைத்தான் இன்று எழுதப்போகிறேன். கடைசியில் என்னைப் பற்றிய ஒரு விஷயமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நீராவியால் மண் தோண்டும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் வில்லியம் ஓடிஸ் என்ற இளைஞர் 1839-ல் காப்புரிமை வாங்கினார். அதே வருடம் 26 வயதில் காய்ச்சலில் இறந்தும் போனார். அவர் விட்டுச்சென்ற 'ஸ்டீம் ஷவல்' அடுத்த நூறு வருடம் உலகத்தைத் தோண்டியது. அது தண்டவாளத்தின் மேல் நிற்கும் ஒரு ரயில் பெட்டி போல இருக்கும். பின்னால் பாய்லர், முன்னால் கிரேன் போல ஒரு பூம், அதில் பல் வைத்த பெரிய வாளி. உள்ளே இஞ்சினியர் என்று அழைக்கப்பட்ட ஓட்டுநர், பூம் மேலேயே நின்று வாளியைத் திறக்கும் ஓர் ஆள், கரி போடுபவர்கள். கீழே, வண்டி முன்னேற முன்னேறத் தண்டவாளம் போட்டுக்கொண்டே போக ஒரு கூட்டம்.

பனாமாவில் பிரெஞ்சுக்காரர்கள் 1880-களில் கால்வாய் தோண்டி, நோயாலும் பணத்தாலும் தோற்றுப்போன கதை எல்லோருக்கும் தெரியும். 1904-ல் அமெரிக்கா அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு அவசரம். மண் பறப்பதைப் பார்க்க வேண்டும் அவர்களுக்கு. முதல் தலைமைப் பொறியாளர் அந்த அவசரத்துக்கு வளைந்துகொடுத்துத் தோண்டத் தொடங்கினார். போதிய ரயில் பாதை இல்லை, பட்டறை இல்லை, தங்க இடம் இல்லை, மஞ்சள் காய்ச்சல் வேறு. ஒரு வருடத்தில் அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

1905 ஜூலையில் அவருக்குப் பதிலாக வந்தவர் ஜான் ஸ்டீவன்ஸ். ரயில்வேக்காரர். வந்ததும் அவர் செய்த பெரிய காரியம், தோண்டுவதை நிறுத்தியதுதான். வீடுகள் கட்டினார், கொசுவை ஒழிக்க டாக்டர் கோர்காசுக்கு வேண்டியதைக் கொடுத்தார், ரயில் பாதையைக் கனமான தண்டவாளமாக மாற்றினார், பட்டறைகளைப் பெரிதாக்கினார். பதினைந்து வருடத்துக்கு மேலாகக் காட்டில் துருப்பிடித்துக் கிடந்த பிரெஞ்சுக்காரர்களின் ரயில் எஞ்சின்களையும் மண் வண்டிகளையும்கூட வெளியே இழுத்து, பழுதுபார்த்து ஓட வைத்தார்கள். 'இன்னும் ஆரம்பிக்கலையா' என்று அமெரிக்கப் பத்திரிகைகள் கேட்டிருக்கும். அவர் அசையவில்லை. எல்லாம் தயாரான பிறகுதான் முழு வேகத்தில் தோண்டத் தொடங்கினார்கள்.

வேலையில் கடினமான பகுதிக்குக் குலேப்ரா என்று பெயர். ஸ்பானிய மொழியில் பாம்பு என்று பொருள். மலையை அறுத்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளம். பகலில் பள்ளத்துக்குள் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். மொத்த வேலைக்கும் சேர்த்து 102 ஸ்டீம் ஷவல்கள் வாங்கினார்கள். அதில் 77 புசைரஸ் கம்பெனியுடையவை, 24 மேரியன் கம்பெனியுடையவை. 95 டன் வண்டிகளும் அதில் உண்டு. 1906 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கொட்டும் மழையில் அப்படி ஒன்றில் ஏறி உட்கார்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் உலகப் புகழ்பெற்றது.

இந்த வண்டிகளை நினைத்துப் பாருங்கள். வாளியின் பற்கள் நாள் முழுவதும் பாறையைக் கடித்துத் தேய்கின்றன. வாளியைத் தூக்கும் சங்கிலியின் ஒரு கண்ணியில் விரிசல் விட்டால் போதும், டன் கணக்கில் பாறை கீழே விழும். பாய்லர் குழாய்களில் தண்ணீரின் உப்பு படிந்தால் நீராவி குறையும், அப்படியே விட்டால் குழாய் வெடிக்கும். பூம் திரும்பும் வட்டத்தில் எண்ணெய் இல்லையென்றால் இரும்பு இரும்பைத் தின்னும். இதற்கு நடுவில் தினமும் வெடி. பாறைக்குள் வெடிக்காமல் தங்கிய டைனமைட்டில் வாளி இடித்து ஆட்கள் இறந்ததும் உண்டு.

ஒரு ஷவல் நின்றால் அது மட்டும் நிற்காது. மண்ணை ஏற்றிப் போக வந்த ரயில் காத்து நிற்கும், அதன் பின்னால் அடுத்த ரயில், அதன் பின்னால் இன்னொன்று. ஒரே பள்ளத்துக்குள் தினமும் நூற்றுக்கும் மேற்பட்ட மண் ரயில்கள் ஓடிய இடம் அது. அதனால் அவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. பகல் தோண்டுவதற்கு, இரவு பராமரிப்புக்கு. மாலையில் தோண்டுபவர்கள் ரயிலேறிப் போனதும், பழுதுபார்க்கும் ஆட்கள் நூற்றுக்கணக்கில் பள்ளத்துக்குள் இறங்குவார்கள். கரி ரயில்கள் ஒவ்வொரு ஷவலுக்கும் மறுநாள் கரியைக் கொண்டுவந்து கொட்டும். தண்டவாளக்காரர்கள் பாதையை நகர்த்திப் போடுவார்கள். காலையில் ஓட்டுநர் வரும்போது வண்டி தயாராக நிற்க வேண்டும். பள்ளத்தில் வைத்துச் சரிசெய்ய முடியாத வண்டிகள் பக்கத்தில் எம்பயர் என்ற ஊரில் இருந்த பட்டறைக்குப் போகும். ரயில் எஞ்சின்களும் மண் வண்டிகளும் கொர்கோனா என்ற ஊரின் பெரிய பட்டறைக்கு.

1907-ல் ஸ்டீவன்ஸ் விலகி ராணுவப் பொறியாளர் கோதல்ஸ் வந்தார். அவர் காலத்தில் 'கனால் ரெக்கார்ட்' என்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்கள். எந்த ஷவல் எத்தனை கன கஜம் தோண்டியது என்று அதில் அச்சிட்டார்கள். உடனே போட்டி பிடித்துக்கொண்டது. ஓட்டுநர்கள் பத்திரிகைக்காகக் காத்திருப்பார்களாம். 1910 மார்ச் மாதத்தில் 123-ஆம் எண் ஷவல் 26 நாளில் 70,290 கன கஜம் எடுத்துச் சாதனை படைத்தது. நாளுக்குச் சராசரியாக 2,700 கன கஜம். 1913 மே 20-ஆம் தேதி, இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டிக்கொண்டு வந்த 222, 230 எண் ஷவல்கள் கால்வாயின் அடித்தளத்தில் நேருக்கு நேர் வந்து நின்றன. இந்த எண்களெல்லாம் வரலாற்றில் இருக்கின்றன.

என் மாதிரி ஆளுக்கு அந்த 26 நாள் என்பதுதான் கண்ணில் படும். ஒரு மாதத்தின் அத்தனை வேலை நாளும் அந்த வண்டி நின்று தோண்டியிருக்கிறது. அப்படியானால் அத்தனை இரவும் யாரோ அதன் பாய்லரைக் கழுவியிருக்கிறார்கள், சங்கிலியை விளக்கு வெளிச்சத்தில் கண்ணி கண்ணியாகப் பார்த்திருக்கிறார்கள், தேய்ந்த பல்லைக் கழற்றி மாற்றியிருக்கிறார்கள். பத்திரிகையின் பட்டியல் கன கஜத்துக்கு மட்டும்தான். பனாமாவில் சம்பளமே இரண்டு பட்டியலாக இருந்தது, தங்கப் பட்டியல், வெள்ளிப் பட்டியல் என்று. அமெரிக்க வெள்ளையர்கள் தங்கத்தில், பார்படோஸ் போன்ற தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் வெள்ளியில். கரி அள்ளியவர்களும் தண்டவாளம் சுமந்தவர்களும் வெள்ளிப் பட்டியல். கொர்கோனா ஊரும் பட்டறையும் 1913-ல் காலி செய்யப்பட்டன. கால்வாய்க்காகத் தேக்கிய காட்டூன் ஏரியின் தண்ணீர் அந்த இடத்தின் மேல் ஏறியது.

இன்றைய வண்டியில் பாய்லர் இல்லை. அதற்குப் பதில் ஹைட்ராலிக் ஆயில். பம்புக்குள் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே தலைமுடியின் கனத்தில் சிறு பங்குகூட இல்லாத இடைவெளி. அதில் தூசி போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி. ஹவர் மீட்டர் சொல்லும் கணக்குப்படி வேலை நடக்கும். 10 மணிக்கு ஒரு தடவை கிரீஸ், 250 மணிக்கு எஞ்சின் ஆயில், 500, 1000, 2000 என்று ஃபில்டர்களும் மற்ற ஆயில்களும். ஒவ்வொரு வண்டியின் புத்தகத்திலும் கொஞ்சம் முன்பின் இருக்கும். செய்தவுடன் தாளில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

இனி என் விஷயம். 1984. ஒரு கால்வாய் வேலை. இடமும் கம்பெனியும் வேண்டாம். எனக்கு 29 வயது, பராமரிப்பு ஃபோர்மேன். மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று இரண்டு ஷிஃப்ட் ஓட்டினார்கள். பனாமாவில் இரவை ஒதுக்கினார்கள் என்றேனே, எங்களுக்கு இரவே இல்லை. வண்டியின் மேல் பாதி சுழல்வதற்கு அடியில் ஸ்விங் பேரிங் என்று ஒன்று உண்டு. அதற்குக் கிரீஸ் அடிக்க வண்டியை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். ஆபரேட்டர் சேலம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். இரண்டு தடவை வந்து சொன்னார்: "சார், ஸ்விங்ல சத்தம் வருது. ஒரு மணி நேரம் கொடுங்க, பார்த்துடலாம்." நான் மேலே போய்க் கேட்டேன். "முதல்ல மண்ணை எடுங்கய்யா" என்று பதில். "நாளைக்குப் பார்க்கலாம்ணே" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கிரீஸ் அடித்ததாக நானே தாளில் டிக் போட்டேன். ஒரு நாள் இல்லை, பல வாரம்.

பேரிங் உடைந்தது. பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். நாற்பது நாள் வண்டி நின்றது. அதற்குள் மழை வந்துவிட்டது. விசாரணை வைத்தார்கள். தாளை எடுத்துப் பார்த்தார்கள். கிரீஸ் ஒழுங்காக அடித்திருக்கிறது, என் கையெழுத்து இருக்கிறது. அப்படியென்றால் ஆபரேட்டர் முரட்டுத்தனமாகச் சுழற்றியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அவரைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. வீட்டில் கைக்குழந்தை. அவருக்கும் மூன்று குழந்தைகள் இருந்தது எனக்குத் தெரியும். போகும்போது அவர் என்னைத் திட்டவில்லை. "வரேன் சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு பொய்யாக ஒரு டிக் போட்டதில்லை. அதற்காக இரண்டு இடத்தில் சண்டை போட்டு, ஒரு பதவி உயர்வும் தள்ளிப்போனது. அது அவருக்கு எந்த விதத்திலும் ஈடாகாது என்று எனக்குத் தெரியும். கிரீஸ் அடித்தால் அன்றைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அடிக்காவிட்டாலும் அன்றைக்குத் தெரியாது. அதனால்தான் இந்த வேலையில் பொய் சொல்வது இவ்வளவு சுலபம். தெரியவரும்போது பழி வேறு யார் மேலாவது விழும்.

பின் மனையில் வேலை நடந்த பன்னிரண்டு நாளும் அந்தப் பையன் காலையில் கிரீஸ் அடித்தான். கடைசி நாள் காம்பவுண்டுச் சுவர் வழியாக அவனுக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தேன். "ஸ்விங் பேரிங்குக்கும் அடிக்கிறியாப்பா?" என்று கேட்டேன். "அதான் சார் முதல்ல. நீங்க இந்த லைனா?" என்றான். ஆமாம் என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வாய் வந்தது. மேஸ்திரி கூப்பிட்டார், அவன் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவனிடம் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.