பாண்டிமாதேவியின் படுக்கையறை

தூக்கம் வரவில்லையா? சுவருக்கு வெளிர் நிறம் அடியுங்கள், பளிச்சென்ற விளக்கை எடுத்துவிட்டு மங்கலான விளக்கு வையுங்கள், மெத்தையை மாற்றுங்கள், கொஞ்சம் நறுமணம் இருக்கட்டும்... எந்த வார இதழைப் புரட்டினாலும் இப்படி ஒரு பக்கம் கண்ணில் படுகிறது. நான்கு பேர் தங்கும் விடுதி அறையில் இருப்பவனுக்கு இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான். ஆனாலும் படிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. இந்த ஆலோசனைகள் எல்லாம் எப்போதிலிருந்து இருக்கின்றன? நம் முன்னோர் படுக்கையறையைப் பற்றி யோசித்தார்களா, இல்லை பாயை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார்களா?

யோசித்திருக்கிறார்கள். அதுவும் எப்படி! பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்று ஒரு பாட்டு இருக்கிறது. 188 அடி. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் (நெற்றிக்கண் திறந்தாலும் குற்றம் குற்றமே என்ற கதை ஒட்டிக்கொண்டிருக்கும் அதே பெயர்தான்). கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஓலைச்சுவடியாகக் கிடந்த பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சாமிநாதையர் 1889-இல் அச்சில் கொண்டுவந்தார். அந்த நெடுநல்வாடையின் நடுவில் ஒரு படுக்கையறை இருக்கிறது. ஒரு கட்டடக்கலைப் புத்தகத்தைப் போல அவ்வளவு விவரம்.

முதலில் வானிலை. காலம் கூதிர், அதாவது ஐப்பசி கார்த்திகை. மழை விடவில்லை. வாடைக்காற்று. மேய்ப்பர்கள் தீயில் கையைக் காய்ச்சிக் கன்னத்தில் வைத்துக்கொண்டும் பல் நடுங்குகிறது. ஊருக்குள் பகல் எது இரவு எது என்று தெரியாமல் மாடப்புறாக்கள் இரை தேடப் போகாமல் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்கின்றன. சூரியனே தெரியாததால், பிச்சி மொட்டு விரிவதை வைத்துத்தான் பெண்கள் மாலை ஆகிவிட்டது என்று கண்டுபிடித்து விளக்கேற்றுகிறார்கள். கடிகாரத்துக்குப் பதில் பூ!

இப்போது வீடுகளுக்குள் போவோம். அன்றைய வசதியான வீடுகளில் கோடைக்கு ஒரு படுக்கையிடம், குளிருக்கு ஒரு படுக்கையிடம் என்று தனித்தனியாக இருந்திருக்கிறது. கோடையில் தெற்கிலிருந்து வரும் காற்றுக்காக வைத்த சாளரங்களை எல்லாம் இப்போது திறப்பதே இல்லை, கதவுகளுக்குத் தாழ் போட்டாயிற்று. கோடையில் வீசிய வட்ட விசிறியை மடக்கி முளையில் மாட்டிவிட்டார்கள், அதில் சிலந்தி நூல் கட்டித் தொங்குகிறது. வாய் குறுகிய கூசாவில் இருக்கும் குளிர்ந்த நீரைக் குடிக்க ஆளில்லை. அகன்ற வாயுள்ள தடாவில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கிறது. வடக்கிலிருந்து வந்த சந்தனக்கல் சும்மா கிடக்கிறது, குளிரில் யார் சந்தனம் பூசுவார்கள்? அதற்குப் பதில் கூந்தலுக்கு அகில் புகை. மதுரையில் இருந்துகொண்டு இவ்வளவு குளிரா என்று கேட்காதீர்கள், கவிஞர் சொல்கிறார், கேட்டுக்கொள்வோம்.

பாண்டிய சிலப்பதிகாரம் என்று ஒன்று இல்லையே தவிர, சோழநாட்டில் நடக்கும் சிலப்பதிகாரத்தின் தொடக்கத்திலும் இதே வழக்கத்தைப் பார்க்கலாம். கோவலனும் கண்ணகியும் மாளிகையின் இடைநிலை மாடத்தில் கட்டிலில் இருக்கிறார்கள். தென்றல் சாளரம் வழியாக வந்ததும் மேலே திறந்த நிலாமுற்றத்துக்கு ஏறிப் போய்விடுகிறார்கள். வீட்டில் படுக்கையறை ஓரிடத்தில் நிலையாக இல்லை, காற்றைப் பார்த்து இடம் மாறுகிறது. இன்று மின்விசிறி வந்த பிறகு ஓர் அறைக்குள்ளேயே அடைந்துவிட்டோம். வேனிற்காலத்தில் மொட்டை மாடிக்குப் பாயோடு ஏறுகிறவர்கள்தான் இன்னும் பழைய முறையில் இருக்கிறார்கள்.

சரி, அரண்மனைக்கு வருவோம். அதைக் கட்டத் தொடங்கியதிலிருந்தே சொல்கிறார் நக்கீரர். இரண்டு கோல்களை நட்டு, உச்சிவெயிலில் நிழல் எந்தப் பக்கமும் சாயாத நேரம் பார்த்து, நூல் தெரிந்தவர்கள் கயிறு போட்டுத் திசை குறித்தார்கள். வெள்ளி போன்ற வெண்சுதை. நீலமணி போன்ற கருந்தூண்கள். செம்பால் செய்ததுபோல உறுதியான சுவரில், பல பூக்கள் பூத்த ஒரே ஒரு கொடி ஓவியமாக ஓடுகிறது. கவனியுங்கள், ஒரே ஒரு கொடி. சுவரை நிரப்பித் தள்ளவில்லை. இந்த அறைக்குக் கரு என்று பெயர், கோயிலில் கருவறை என்கிறோமே, அதே சொல்.

ஒலியும் உண்டு. வெண்மையான நெடிய முற்றத்தில், மகர மீன் வாய் போலச் செய்த குழாயிலிருந்து நீர் நிறைந்து விழும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது, கூடவே மயிலின் குரல். தூங்குவதற்காகச் செல்பேசியில் மழைச் சத்தம் போட்டுக் கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. பாண்டியன் வீட்டில் அது நிஜத் தண்ணீர்!

விளக்குதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. யவனர் செய்த பாவை ஒன்று கையில் அகலை ஏந்தி நிற்கிறது. அகலில் நெய் நிறைய ஊற்றி, பருத்த திரியைக் கொளுத்தியிருக்கிறார்கள், குறையக் குறையத் தூண்டிவிடுகிறார்கள். இது கவிஞரின் கற்பனையாக இருக்குமோ என்றால், இத்தாலிக்குப் போக வேண்டும். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தில், விளக்குத் தாங்கியாகப் பயன்பட்ட ஒரு வெண்கல இளைஞன் சிலையை 1925-இல் தோண்டி எடுத்தார்கள். அதாவது கையில் விளக்கேந்தும் பாவை அவர்கள் வீடுகளில் உண்மையிலேயே இருந்த பொருள். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-இல் தோண்டியபோது இத்தாலியில் செய்த மட்கலங்களும் மதுச்சாடிகளும் கிடைத்தன. அவை வந்த கடல் வழியில் விளக்கும் வந்திருக்கக் கூடாதா என்ன? எதிர்த்திசையிலும் பயணம் நடந்திருக்கிறது. இந்தியாவில் தந்தத்தில் செதுக்கிய ஒரு பெண்ணுருவம் 1938-இல் அதே பாம்பேயில் கிடைத்தது. நம் வீட்டில் அவர்கள் விளக்கு, அவர்கள் வீட்டில் நம் தந்தம்.

தந்தம் என்றதும் கட்டிலுக்கு வந்துவிட்டோம். வட்டமான பெரிய கட்டில். எதில் செய்தது? நாற்பது வயதான, முரசு போன்ற கால்களை உடைய, போரிட்டு மடிந்த யானையின் தந்தத்தில். அதை இரு பக்கமும் செதுக்கி, இலை வேலைப்பாடு இட்டு, குடம் போலக் கடைந்த கால்களைப் பொருத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் முத்து கோத்த சாலகம். மேலே சிங்க வேட்டைச் சித்திரம். மெத்தைக்குள் அன்னத்தின் மென்மையான வெள்ளைத் தூவி. அதன் மேல் கஞ்சி போட்டுத் துவைத்த வெள்ளை விரிப்பு. (கஞ்சி போட்ட விரிப்பு! என் பாட்டி இதைக் கேட்டால் மகிழ்ந்துபோவார்.)

வெளிர் சுவர், மங்கிய விளக்கு, நீர் ஓசை, நறும்புகை, நல்ல மெத்தை. வார இதழ் சொல்லும் எல்லாமே இருக்கிறது. இதற்கு மேல் ஒரு படுக்கையறைக்கு என்ன வேண்டும்?

அந்தக் கட்டிலில் பாண்டிமாதேவி படுத்திருக்கிறாள், தூங்கவில்லை. முத்தாரம் கிடந்த மார்பில் இப்போது தாலி நாண் மட்டும். பொன்வளை போட்ட கையில் சங்கு வளை. பூ வேலை செய்த பட்டுக்குப் பதில் மாசேறிய பருத்தி நூல் துணி. தோழியர் அடியை வருடுகிறார்கள். நரைத்த தலைச் செவிலியர் சின்னதும் பெரியதுமாக ஏதேதோ கதை சொல்கிறார்கள், வந்துவிடுவார் வந்துவிடுவார் என்கிறார்கள். அவளுக்கு எதுவும் ஏறவில்லை. மேலே விதானத்தில் திங்களை விட்டுப் பிரியாத உரோகிணியை வரைந்து வைத்திருக்கிறான் ஓவியன். அழகுக்காக வரைந்ததுதான். அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கண்ணோரத்தில் வந்த நீரை விரலால் எடுத்துத் தெறிக்கிறாள்.

கணவன் போர்க்களத்தில் இருக்கிறான். இந்த இடத்தில் திரும்பவும் அந்தக் கட்டிலை நினைத்துப் பார்த்தேன். அவள் படுத்திருப்பதே போரில் செத்த யானையின் தந்தத்தின் மேல்தான். அறைக்குள் இருக்கும் மிக விலையுயர்ந்த பொருளும் போரிலிருந்து வந்தது, தூக்கத்தைக் கொண்டுபோனதும் போர். நக்கீரர் வேண்டுமென்றேதான் யானைக்கு அத்தனை அடி செலவழித்தாரா என்று உரையாசிரியர்கள் பேசியதாக நான் படித்ததில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது.

எல்லோருக்கும் தந்தக் கட்டில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே பத்துப்பாட்டில், பெரும்பாணாற்றுப்படையில் ஈச்ச இலை வேய்ந்த எயினர் குடிசை வருகிறது, கூரை முள்ளம்பன்றி முதுகு போல இருக்குமாம். உள்ளே பிள்ளை பெற்ற பெண் மான்தோலை விரித்துக் குழந்தையோடு முடங்கிக் கிடக்கிறாள். அவ்வளவுதான் படுக்கையறை. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலைக்குப் போனால் இன்னொரு வகை. சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய கற்படுக்கைகள். தலைவைக்கும் இடத்தைக் கொஞ்சம் உயர்த்திச் செதுக்கியிருப்பார்கள், கல்லிலேயே தலையணை. நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் அங்கே தமிழ்பிராமியில் வெட்டப்பட்டிருக்கிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள், ஆகவே நம் பாட்டின் நெடுஞ்செழியனுக்கு முந்தியவன். அக்கல்வெட்டு அந்த இடத்தைப் பள்ளி என்கிறது. பள்ளி என்றால் படுக்கும் இடம். துறவிகள் படுத்த இடம் பள்ளியாகி, அங்கே பாடமும் நடந்து, பள்ளிக்கூடம் வந்தது என்பார்கள். வகுப்பில் தூங்குகிறவர்கள் சொற்பிறப்பியல்படி தவறு செய்யவில்லை!

மறுபடி பாண்டிமாதேவியிடம் வந்தால், அவள் சார்பில் ஒரு பெண் கொற்றவையை வேண்டுகிறாள்: இவள் துயர் தீர, அரசன் செய்யும் போர் வெற்றியோடு இப்பொழுதே முடியட்டும்.

உடனே காட்சி பாசறைக்கு மாறுகிறது. அங்கேயும் நள்ளிரவு. அங்கேயும் வாடை. பாசறை விளக்குச் சுடர் காற்றில் தெற்கே சாய்ந்து எரிகிறது. புண்பட்ட வீரர்களைப் பார்க்க அரசன் வெளியே வந்திருக்கிறான். முன்னே ஒருவன், வேப்பந்தழை கட்டிய வேலால் ஒவ்வொருவரையும் காட்டிக்கொண்டு போகிறான். சேறும் நீருமான தெருவில் குதிரைகள் மேலே விழும் துளியை உதறுகின்றன. நழுவும் மேலாடையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வாள் ஏந்திய ஓர் இளைஞன் தோளில் மறு கையை வைத்து, முகம் மலர்ந்து, சிலரோடு நடக்கிறான். அவனும் தூங்கவில்லை. பாட்டு அங்கேயே முடிகிறது.

முல்லைப்பாட்டிலும் (103 அடி, பத்துப்பாட்டில் இதுதான் சின்னது) இதே ஏற்பாடுதான். எழுநிலை மாடத்தில், பாவை விளக்கு எரிய, கூரையிலிருந்து மழைநீர் விழுவதைக் கேட்டுக்கொண்டு அரசி. யவனர் காவல் காக்கும் கூடாரத்தில், புண்பட்ட யானைகளையும் இறந்த வீரர்களையும் நினைத்துத் தூக்கமில்லாமல் அரசன். ஆனால் அங்கே கடைசியில் தேர் திரும்பி வந்துவிடுகிறது. நக்கீரர் தேரை அனுப்பவில்லை.

நெடுநல்வாடை அகப்பாட்டா புறப்பாட்டா என்று ஒரு பழைய வழக்கு இருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ, அதனால் தலைவன் யாரென்று தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தழைக்காக அந்த அறையையும் அந்த உரோகிணியையும் புறத்தில் சேர்ப்பதா என்று தேர்வுக்குப் படிக்கும்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த யானையை நினைத்தால், உரையாசிரியர் சொன்னதிலும் ஏதோ இருக்கிறது போலத்தான் தோன்றுகிறது.