துறுகற்களும் கற்படுக்கைகளும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் செஞ்சி நெருங்க நெருங்க, நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. நெல்லும் மணிலாவும் விளையும் சமவெளியின் நடுவே, மரம் செறிந்த மலைக்குப் பதிலாகக் கற்குவியல்கள் எழுந்து நிற்கின்றன. யானை அளவிலும் வீட்டின் அளவிலும் உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இப்போது விழுமோ, பிறகு விழுமோ என்று தோன்றும்படி இருக்கின்றன. புதிதாக வருபவர் இதனை வேற்றுக் கோளின் நிலம் என்றே எண்ணக்கூடும். மனிதரால் ஆகாத வேலை என்று கருதியே மக்கள் இத்தகைய குன்றுகள் பலவற்றுக்குப் பஞ்சபாண்டவர் மலை என்று பெயரிட்டனர் போலும்.

உண்மையில் எவரும் இவற்றை அடுக்கவில்லை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து கருங்கல்லாக இறுகியது. மேலிருந்த நிலம் காலப்போக்கில் அரிக்கப்பட்டுச் சுமை குறைந்தபோது, அக்கல்லில் நெடுக்கும் குறுக்குமாக வெடிப்புகள் தோன்றின. அவ்வெடிப்புகளின் வழியே மழைநீர் இறங்கிற்று. கருங்கல்லில் உள்ள சில கனிமங்கள் நீர் பட்டால் களிமண்ணாக மாறும் இயல்புடையவை. கற்கட்டியின் பக்கத்தை நீர் ஒரு புறமிருந்தே தாக்கும். விளிம்பை இரு புறமிருந்தும், மூலையை மூன்று புறமிருந்தும் தாக்கும். ஆகவே மூலை முதலில் கரைந்தது; சதுரமாக இருந்த கட்டி மண்ணுக்குள்ளேயே உருண்டையாயிற்று. பின்னர்ச் சுற்றியிருந்த மண்ணை மழை அடித்துச் செல்ல, உருண்டைகள் தாம் இருந்த இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தன. விசயநகரத்தின் ஹம்பியும், ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டின் மடோபோ குன்றுகளும் இவ்வகையினவே. மடோபோவிலும் தொல்குடியினர் பாறை நிழலில் தங்கி ஓவியம் தீட்டியுள்ளனர்.

அறிவியலார் இவ்வுருண்டைகளுக்கு இன்று பெயர் தேடவேண்டியதில்லை. சங்கத் தமிழில் அது ஆயத்தமாக உள்ளது. துறுகல் என்பது அப்பெயர். மழையில் கழுவப்பட்ட துறுகல்லை மாசு நீங்கிய யானையாகவும், வேங்கைப்பூ உதிர்ந்து கிடக்கும் துறுகல்லைப் புலிக்குட்டியாகவும் குறுந்தொகைப் புலவர்கள் கண்டனர். கல்லிடை வெளிகளுக்கும் முழை, விடர், அளை எனப் பல சொற்கள் இருந்தன. இவை அனைத்தையும் குகை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது பிற்காலத்து வழக்கம். சமண முனிவர் தங்கிய இடங்களைக் ‘குடைந்த குகைகள்’ என்று எழுதுவோரும் உளர். அது பெரும்பாலும் பொருந்தாது. முனிவர்களுக்காக மலையைக் குடையவில்லை. இயற்கை விட்டுவைத்த இடுக்குகளே அவர்களின் இருப்பிடமாயின.

அவ்விடத்தில் மனிதர் செய்த வேலை மிகச் சிறிது. தரையைச் சமன்செய்து படுக்கைகள் வெட்டினர்; தலைப்பக்கம் சற்றே உயர்த்தித் தலையணை போல விட்டனர். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் நெற்றியில் ஒரு காடி வெட்டினர். மழைநீர் பாறையைத் தழுவி உள்ளே வழியாமல், அந்தக் காடியோடு நின்று வெளியே சொட்டும். இவ்வளவுதான். அருகில் ஒரு சுனை இருந்தால் நீருக்கும் குறையில்லை. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தில், பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்தில் கணிநந்தன் என்னும் முனிவருக்காகப் பள்ளி அமைக்கப்பட்ட செய்தியைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இவற்றை ஆங்கிலேய அலுவலர் இராபர்ட் சூவல் 1882-இல் கண்டறிந்தார். புதுக்கோட்டைச் சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் 17 படுக்கைகள் உள்ளன. ஒரு பக்கம் செங்குத்தான சரிவு, மறுபக்கம் தலைக்குமேல் கவிந்த பாறை. அங்கு செல்பவர் ஒவ்வோர் அடியையும் பார்த்தே வைக்க வேண்டியிருக்கிறது.

செஞ்சிக்கே திரும்பலாம். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்த கோட்டையைக் காணவே பலரும் அங்கு வருகின்றனர். கோட்டைக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ள திருநாதர்குன்றுக்குச் செல்வோர் சிலரே. அக்குன்றின்மேல் ஒரு பெரும் துறுகல் நிற்கிறது. அதன் முகப்பில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் மேல் வரிசையில் பன்னிருவர், கீழ் வரிசையில் பன்னிருவர் எனப் புடைப்புருவங்களாக அமர்ந்துள்ளனர். வேலைப்பாட்டின் மிகுதியில் கழுகுமலையை இது எட்டாது. ஆயினும் ஒரே கல்லில், ஒரே பார்வையில், இருபத்துநால்வரும் அடங்கியிருப்பது தனிச் சிறப்பே.

இச்சிற்பத்தினும் பழைமையானது அக்குன்றில் உள்ள ஒரு சிறு கல்வெட்டு. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடம் அது. நிசீதிகை என்று கல்லே சொல்கிறது. கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டளவில், தமிழ்ப் பிராமி வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்தில் அது பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ் எழுத்து வரலாற்றில் ‘ஐ’ என்னும் உயிரெழுத்து வடிவம் மிகப் பழைமையாகக் காணப்படும் இடங்களுள் இஃது ஒன்று என்பதால், கல்வெட்டறிஞர் இதனைப் பெரிதும் போற்றுவர். அந்த ‘ஐ’ வருவதும் ஐம்பத்தேழு என்னும் நாட்கணக்கின் முதலெழுத்தாகவே. அவர் எந்த ஊரினர், யாருடைய மாணாக்கர் என்னும் செய்தி ஏதும் அதில் இல்லை. பெயரும் நாட்கணக்கும் மட்டும் உள்ளன. சில நூற்றாண்டுகள் கழித்து, இளையபடாரர் என்னும் மற்றொருவர் 30 நாள் நோன்பிருந்து அதே குன்றில் உயிர் நீத்ததை இன்னொரு கல்வெட்டு தெரிவிக்கிறது. முன்னவர் நோற்ற இடம் என்பதனாலேயே பின்னவரும் இதனைத் தேர்ந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

செஞ்சிப் பகுதியின் மேல்சித்தாமூரிலும் மலைநாதர் கோயிலின் உள்ளே இருப்பது ஒரு பாறைதான். பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர், அம்பிகை முதலியோர் அதில் செதுக்கப்பட்டனர். சுற்றிலும் கோயில் பின்னர் எழுந்தது. சிலைக்காகக் கல்லைக் கொண்டுவரவில்லை. கல் இருந்த இடத்துக்கே கோயில் வந்தது.

இவ்வளவு நீண்ட காலம் நின்ற கற்களுக்கு அண்மைக்காலம் நல்ல காலமாக இல்லை. மழை ஒரு மூலையை உருட்டப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. வைரக் கம்பி அறுவை கருவிக்குச் சில நாட்கள் போதும். மதுரை மாவட்டத்தில் மேலூர் வட்டாரத்துக் குன்றுகள் பல, மெருகேற்றிய பலகைகளாகக் கப்பலேறிவிட்டன. அங்கு நடந்த முறைகேடுகளை மாவட்ட ஆட்சியர் 2012-இல் அளித்த அறிக்கையும், உயர் நீதிமன்றம் அமர்த்திய ஆணையர் 2015-இல் அளித்த அறிக்கையும் விரிவாக எடுத்துரைத்தன. கீழவளவில் கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் உருவங்களும் உள்ள பாறை நிற்கிறது. அதன் சுற்றுப்புறத்தில் வெட்டியெடுத்த பள்ளங்கள் நீர் நிறைந்து கிடக்கின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. நடுவண் அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாட்டுப் பகுதி என்றும் 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரையறுக்கிறது. ஆனால் அச்சட்டம் அளப்பது சின்னத்தை மட்டுமே. படுக்கை பழம்பொருள், படுக்கை கிடக்கும் மலையோ கனிமம். முனிவர்கள் தேர்ந்தது ஒரு படுக்கையை அன்று, சுனையும் நிழலும் தனிமையும் கூடிய முழுக்குன்றை என்பதை அளவுகோல் அறிவதில்லை.

அரிட்டாபட்டியின் நிலை சற்று வேறு. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், படுக்கைகளும், தீர்த்தங்கரர் உருவமும், குடைவரைச் சிவன் கோயிலும், ஊற்றுகளும், வல்லூறுகளும் உள்ள அவ்வூர்க் குன்றுகளை உள்ளடக்கிய 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுவே. ஈராண்டுகளுக்குள், அப்பகுதியையும் சேர்த்து 2,015 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கென நடுவண் அரசால் ஏலம் விடப்பட்டது. சுற்றுவட்டார ஊர் மக்கள் சாதி சமய வேறுபாடின்றி எதிர்த்தனர். கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. மதுரை நகரத்தை நோக்கி மக்கள் பேரணியாகச் சென்றனர். 2025 சனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. போராடியவர்களுள் மிகப் பலர் சமணர் அல்லர். அவர்களுக்கு அது தம் ஊர்க் கண்மாய்க்கு நீர் தரும் மலை. ஆடு மேய்ந்து திரும்பும் மலை. அந்த மலையின் முழையில்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் காடி வெட்டி, மழைநீரை வெளியே சொட்டச் செய்தார். அது இன்றும் வெளியேதான் சொட்டுகிறது.