சோப்பு நுரைக்காத தண்ணீரும் விருத்தாசலத்து அச்சும்

விருத்தாசலம் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது பீங்கான். செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் உள்ள ஊர் இது. பீங்கான் வார்க்கும் அச்சைச் செய்பவருக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எவ்வளவு தேவையோ, அதே அளவு சோப்புக் கரைசலும் தேவை. கை கழுவுவதற்காக அல்ல. அதன் காரணம் புரிந்தால், நம் வீட்டு போர்வெல் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைக்க மறுக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

எண்ணெயை அல்லது கொழுப்பைக் காரத்துடன் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்ற சொல்லே அரபியின் 'அல்கிலீ'தான். உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பல் என்று பொருள். ஃபலஸ்தீனின் நாப்லுஸ் நகரில் ஆலிவ் எண்ணெயையும் இத்தகைய சாம்பலையும் கொண்டு நூற்றாண்டுகளாகச் சோப்பு காய்ச்சி வந்தார்கள். நம் பக்கத்தில் வெள்ளாவிக்கு எடுத்த உவர்மண்ணிலும் இருப்பது அதே சோடியம் கார்பனேட்தான். சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் உப்பு என்று விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல். அவரது நூல் 1823-இல் வெளிவந்தது.

"கொழுப்பு நஜீஸாக இருந்தால் சோப்பின் நிலை என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பொருளின் தன்மையே மாறிவிடுவதால் (இஸ்திஹாலா) அது சுத்தமாகிவிடும் என்பது ஹனஃபி மத்ஹபில் ஃபத்வாவுக்குரிய கருத்து. மது தானாகவே காடியாவது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மாற்றத்தால் நஜீஸ் சுத்தமாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹப். கொழுப்பு இப்போது கொழுப்பாக இல்லை என்பதைத்தான் வேதியியல் சொல்லும். தீர்ப்பு ஃபிக்ஹைச் சேர்ந்தது.

சோப்பு மூலக்கூறின் தலை நீரை நாடும். நீண்ட வால் எண்ணெயை நாடும். பிசுக்கைக் கண்டதும் வால்கள் அதற்குள் புதைய, தலைகள் வெளியே நிற்கும். பிசுக்கு சிறு துளிகளாக உடைந்து, பாலில் கொழுப்பு மிதப்பதுபோல் நீரில் மிதந்து, அலசும்போது போய்விடும். இந்தக் கலவைக்குப் பெயர் பால்மம்.

கடின நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. ஒரு கால்சியம் இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ள, நீரில் கரையாத வெள்ளைத் திரி உண்டாகிறது. வாளி ஓரத்தில் ஒட்டும் படலம் இதுதான். கால்சியம் தீரும்வரை நுரை வராது. கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும்: லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள 15 லிட்டர் வாளி நீர், அழுக்கைத் தொடும் முன்பே சுமார் 27 கிராம் சோப்பை விழுங்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை 200 வரை ஏற்கிறது. வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது.

இந்த நஷ்டம்தான் அச்சுக்காரருக்கு லாபம். பிளாஸ்டர் என்பது கால்சியம் சல்பேட். ஒரு பிளாஸ்டர் அச்சின்மேல் புது பிளாஸ்டரை ஊற்றிப் பிரதி எடுத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் சோப்புக் கரைசலைத் தூரிகையால் பூசி, பஞ்சால் துடைத்து, மறுபடியும் பூசுவார்கள். மேற்பரப்பிலேயே கால்சியம் சோப்பு உருவாகி நுண்துளைகளை அடைக்கும்; நீர் உள்ளே இறங்காது, புது பிளாஸ்டர் பிடிக்காது. ஆனால் களிமண் குழம்பை ஊற்றி வார்க்கும் அச்சில் இந்தப் படலம் இருக்கவே கூடாது. அந்த அச்சு நீரை உறிஞ்சினால்தான் சுவர் கட்டும். சோப்பு தங்கிய இடத்தில் உறிஞ்சல் குறைந்து பாத்திரம் மெலிந்துவிடும்.

டிடர்ஜென்ட் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தவிர்க்கிறது. அதன் தலை சல்போனேட்; கால்சியத்தோடு சேர்ந்தாலும் சோப்பைப் போலத் திரிவதில்லை. அதன் மூலப்பொருளான லீனியர் அல்கைல் பென்சீன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலை இதைத் தயாரிக்கிறது. கொழுப்பு பற்றிய கேள்வி இந்த மூலப்பொருளில் எழுவதில்லை.

குளியல் சோப்பு வாங்கும்போது உறையில் டி.எஃப்.எம். அளவைப் பாருங்கள். அது மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதம்: முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. 'பேதிங் பார்' என்று அச்சிட்டிருப்பது வேறு வகை. அதில் 40 இருந்தாலும் போதும். கடின நீரில் சோப்பால் துணி துவைப்பவர்கள் சலவை சோடாவை முதலில் கரைத்து, கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்த பிறகு சோப்பைப் போட வேண்டும்.