கொல்கத்தா தேசிய நூலகம்: தமிழ் வாசகர் ஏன் ஒருமுறை போக வேண்டும்?

வேலைக்காக வந்து பாலிகஞ்சில் வீடு எடுத்திருக்கீங்களா? ஒரு லீவு நாளில் மேற்கே சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அலிப்பூருக்கு வண்டி பிடியுங்கள். விலங்கியல் பூங்கா அருகேதான் நூலக வளாகம்.

எந்தக் கட்டடம்?
தூண்களோடு நிற்கும் பெல்வெடேர் மாளிகை, வங்காளத் துணைநிலை ஆளுநர்கள் வாழ்ந்த இடம். 1953 பிப்ரவரி 1-ல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அங்கே நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். செல்ஃபி எடுக்க அது சரி. படிக்கப் போக வேண்டியது அதே வளாகத்தில் உள்ள புதிய கட்டடமான பாஷா பவனுக்கு.

தமிழ்ப் புத்தகம் இருக்குமா?
தமிழுக்குத் தனிப் பிரிவே உண்டு. எஸ். வையாபுரிப் பிள்ளை சேர்த்த நூல்களும் இங்கேதான் இருக்கின்றன. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிப்பாளர்கள் ஒவ்வொரு புது நூலிலும் ஒரு பிரதியை 30 நாட்களுக்குள் இங்கே அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா உட்பட வேறு சில நூலகங்களுக்கும் அப்படியே.

அனுப்பாவிட்டால்?
அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய், கூடவே புத்தகத்தின் விலை. அவ்வளவுதான்! அதனால் தேடும் நூல் இல்லாமலும் போகலாம்.

என்ன செய்யணும்?
அடையாள அட்டை எடுத்துக்கோங்க. ஆன்லைன் பட்டியலில் நூலின் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். அலமாரியில் நாமே துழாவ முடியாது, சீட்டு எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்துத் தருவார்.

நண்பர் யாராவது புத்தகம் போடுகிறாரா? ஒரு பிரதி அலிப்பூருக்குப் போச்சான்னு கேளுங்க. ஐம்பது வருஷம் கழித்துத் தேடுபவருக்கு அது கிடைக்கும்.